காந்தத்தைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்

மாணவர்களே, உங்களில் சிலருக்கு இந்த ஆண்டு 16 வயது நிறைகிறது. பி2 உரிமம் எடுக்கும் வயது. வீட்டில் மோட்டார் பற்றிய பேச்சு தொடங்கியிருக்கும். அந்தப் பேச்சில் என்றாவது ஒரு நாள் பழைய வெஸ்பா ஒன்று நுழையும். அப்பாவின் நண்பர் ஒருவர் விற்கிறார், விலை குறைவு, புதிதாகச் சாயம் அடித்துப் பளபளவென்று நிற்கிறது. உடனே யாராவது சொல்வார்கள்: "நம்ம ஆளுதானே, நம்பி வாங்கு."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரானது. நம் ஆள் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் சாயத்துக்கு அடியில் இருக்கும் துருவைப் பற்றி அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆகவே ஆளை நம்புங்கள், வண்டியைச் சோதியுங்கள். நீங்கள் பள்ளியில் படிக்கும் அறிவியல் இந்தச் சோதனைக்குத் தாராளமாகப் போதும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இருபது வயதில் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு வெளிர்பச்சை வெஸ்பா வாங்கினேன். தெரிந்தவர் ஒருவரின் வண்டி. சாயத்தில் முகம் பார்க்கலாம். குனிந்து அடியில் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை; பார்த்தால் அவர் மனம் வருந்துமோ என்ற கூச்சமும் இருந்தது. சில மாதங்கள் கழித்து ஒரு மழை நாளில் ஜாலான் கூலிம் சமிக்ஞை விளக்கை நெருங்கும்போது பின் பிரேக் மிதியை அழுத்தினேன். மிதி கீழே போனது, வண்டி நிற்கவில்லை. மிதியைத் தாங்கியிருந்த தரைத் தகடே துருவில் இற்று, பிய்ந்து வந்திருந்தது. முன் பிரேக்கைப் பிடித்துத் தட்டுத்தடுமாறிச் சாலையோரக் கால்வாய் விளிம்பில் போய் நின்றேன். முழங்காலில் சிராய்ப்போடு தப்பித்தேன். எதிரே ஒரு லாரி வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

உடம்பே எலும்புக்கூடு

வெஸ்பாவில் துரு ஏன் இவ்வளவு ஆபத்து? சாதாரண மோட்டாரில் இரும்புக் குழாய்களால் ஆன சட்டம் உண்டு. சக்கரம், இயந்திரம், இருக்கை எல்லாம் அந்தச் சட்டத்தில் தொங்குகின்றன. மட்கார்டு துருப்பிடித்தால் அழகு கெடும், அவ்வளவுதான். அதே இத்தாலியில் பிறந்த லாம்பிரெட்டா ஸ்கூட்டரிலும் நடுவில் குழாய்ச் சட்டம்தான்; தகடுகள் அதன்மேல் போட்ட சட்டை போல.

வெஸ்பாவில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. அதை வடிவமைத்த கொர்ராடினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர், ஹெலிகாப்டர் வடிவமைத்தவர். இரண்டாம் உலகப் போரில் பியாஜியோ நிறுவனத்தின் பொந்தெதேரா ஆலை குண்டுவீச்சில் சிதைந்தது. போருக்குப் பின் மக்களுக்கு மலிவான வாகனம் ஒன்று தேவைப்பட்டது. மோட்டார் சைக்கிளை அவ்வளவாக விரும்பாத தஸ்கானியோ, விமானத்தைச் செய்யும் முறையிலேயே ஸ்கூட்டரைச் செய்தார். மெல்லிய எஃகுத் தகட்டை அழுத்தி வளைத்து, அந்த வளைவுகளையே பாரம் தாங்க வைத்தார். முன் சக்கரம் விமானத்தின் தரையிறங்கு சக்கரத்தைப் போல ஒரு பக்கம் மட்டும் பிடிக்கப்பட்டது. 1946 ஏப்ரல் 23-இல் இதற்குக் காப்புரிமை கோரப்பட்டது. வெஸ்பா என்றால் இத்தாலிய மொழியில் குளவி.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு ஏ4 தாளை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலம் போல வைத்து, அதன்மேல் ஒரு 50 சென் நாணயத்தை வையுங்கள். தாள் தொய்ந்துவிடும். அதே தாளை விசிறி போல மடித்து வையுங்கள். இப்போது பல நாணயங்களைத் தாங்கும். தாள் மாறவில்லை, வடிவம்தான் மாறியது. அடுத்து அந்த மடிப்புகளின் குறுக்கே நடுவில் கத்தரியால் சிறிது வெட்டிவிட்டு மறுபடியும் நாணயங்களை வையுங்கள். வெட்டிய இடத்திலேயே மடங்கும்.

வெஸ்பாவின் தரைத் தகட்டில் துரு செய்வதும் அந்தக் கத்தரி வேலையைத்தான்.

பட்டி காட்டும் பொய், காந்தம் சொல்லும் மெய்

துரு எப்படிப் பிடிக்கிறது என்று வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் போதும். உப்பு கலந்தால் நீரில் அயனிகள் எளிதாக நகரும். துருவும் வேகமாகப் பிடிக்கும். தீவில், கடற்கரை ஓரத்தில் பல ஆண்டுகள் ஓடிய வண்டி என்றால் கூடுதல் கவனம் தேவை. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் சாயம் உள்ளிருந்து கொப்புளம் போல எழும்புகிறது. சிறு கொப்புளத்தைக் கண்டால் "மேல்தோல்தான்" என்று விட்டுவிடாதீர்கள். கொப்புளத்துக்குக் காரணம் உள்ளே இருக்கிறது.

துருவை மறைப்பது எளிது. ஓட்டையின் மேல் பட்டி பூசி, தேய்த்து, சாயம் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பட்டி இரும்பு இல்லை. காந்தம் அதை இழுக்காது.

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் நல்ல தகடு என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் வைத்து, எவ்வளவு இழுக்கிறது என்று கைக்குப் பழக்குங்கள். அதுதான் உங்கள் ஒப்பீட்டு அளவு. பிறகு கால் வைக்கும் தரை, முன் கவசத்தின் கீழ் விளிம்பு, பின் சக்கரத்தைச் சுற்றியுள்ள உடல், வால் பகுதி என்று ஒவ்வோர் இடமாக நகர்த்துங்கள். காந்தத்துக்கும் இரும்புக்கும் இடையே தூரம் சிறிது கூடினாலும் இழுவிசை மளமளவென்று குறையும். இழுப்பு தளர்ந்தால் அங்கே பட்டி தடித்திருக்கிறது. காந்தம் கழன்று விழுந்தால் அங்கே இரும்பே இல்லாமலும் இருக்கலாம். ஒரு எச்சரிக்கை: கைப்பிடித் தலையும் இயந்திர உறையும் அலுமினியக் கலவை. அங்கே காந்தம் ஒட்டாததைக் கண்டு பயப்பட வேண்டாம்.

அடுத்து, கைப்பேசியில் விளக்கை எரியவிட்டு, காணொளி எடுத்தபடியே தரைக்கு அடியில் முழுவதும் நகர்த்துங்கள். தரையைத் தாங்கும் குறுக்குப் பட்டைகள் முழுதாக இருக்கின்றனவா? ஒட்டுப் போட்ட தகடு ஏதும் உண்டா? பற்றவைப்பு ஒழுங்கான கோடாக ஓடுகிறதா, ஆங்காங்கே புள்ளியாக நிற்கிறதா? பிரேக் மிதியின் திருகுகளைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்துங்கள். தகடு நொறுங்கும் ஓசை கேட்டால் அந்த வண்டியை விட்டு விலகுங்கள்.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. வியட்நாமில் புதுப்பிக்கப்பட்ட பழைய வெஸ்பாக்கள் ஒரு காலத்தில் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் நிறைய ஏற்றுமதியாயின. பார்க்க அழகான வண்டிகள். சாயத்தைச் சுரண்டிப் பார்த்தபோது, சிலவற்றில் இரண்டு வெவ்வேறு வண்டிகளின் உடல்களை ஒன்றாகப் பற்றவைத்து, பட்டியால் மூடியிருந்தது தெரிந்தது. நல்ல பட்டறைகளும் அங்கே உண்டு. ஆனால் நல்லதையும் கெட்டதையும் சாயத்தை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது.

அதனால் என் கருத்து, உங்களுக்கு வேடிக்கையாகத் தோன்றினாலும், இதுதான்: பளபளக்கும் வண்டியும் வெளுத்த வண்டியும் ஒரே விலைக்கு நின்றால் வெளுத்ததை முதலில் பாருங்கள். பழைய சாயம் எதையும் மறைப்பதில்லை. துரு எங்கே இருக்கிறதோ அங்கே வெளியே தெரியும். புதுச் சாயம் அடித்தவர், அடிப்பதற்கு முன் எடுத்த படங்களைக் காட்டினால் அது வேறு கதை. அவரை மதியுங்கள்.

குளிர்ந்த இயந்திரத்தைக் கேளுங்கள்

பார்க்கப் போகும் முன் விற்பவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: "அங்கிள், நாங்கள் வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள்." போனதும் முதல் வேலையாக இயந்திரத்தின் உறையைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரோ முன்பே எடுத்திருக்கிறார்கள். கடைக்குப் போய்வர எடுத்திருக்கலாம். குளிரில் எடுக்க மறுக்கும் வண்டி என்பதை மறைக்கவும் எடுத்திருக்கலாம். எதற்கு என்று நமக்குத் தெரியாது. ஆகவே இன்னொரு நாள் காலையில் வருகிறோம் என்று சொல்லுங்கள்.

இயந்திரத்தை எடுக்கும் முன், கிக்கரைக் காலால் மெல்ல அழுத்துங்கள். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்தும்போது ஒரு எதிர்ப்புத் தெரியுமே, அதுபோல் தெரியவேண்டும். பிஸ்டன் மேலே ஏறும்போது அடைபட்ட காற்று அழுத்தப்படுகிறது. எதிர்ப்பே இல்லாமல் கிக்கர் தொளதொளவென்று இறங்கினால், பிஸ்டன் வளையமோ சிலிண்டரோ தேய்ந்து காற்று கசிகிறது.

இப்போது புகை. பழைய வெஸ்பாவில் இருப்பது டூ ஸ்ட்ரோக் இயந்திரம். இதில் பெட்ரோல் கலவை முதலில் கிராங்க் அறைக்குள் நுழைந்து, பிறகுதான் சிலிண்டருக்குப் போகிறது. அதனால் மசகு எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலக்கிறார்கள். எண்ணெயும் சேர்ந்து எரிவதால் குளிரில் எடுக்கும்போது நீலம் கலந்த வெண்புகை வருவது இயல்பு. சூடேறச் சூடேற அது குறையவேண்டும். குறையாமல் குப்குப்பென்று வந்துகொண்டே இருந்தால், கிராங்கின் எண்ணெய்த் தடுப்பு வளையம் கெட்டு, கியர் எண்ணெயை இயந்திரம் உறிஞ்சுகிறது என்று சந்தேகப்படலாம்.

இதைவிட ஆபத்தான அறிகுறி புகையே இல்லாமல் வரும். சூடான இயந்திரத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டுச் சட்டென்று விடுங்கள். ஓசை உடனே இறங்கி அமைதியாகவேண்டும். இறங்காமல் கத்திக்கொண்டே இருந்தால், ஆக்சிலேட்டர் கம்பி சிக்கியிருக்கலாம், அல்லது எங்கிருந்தோ கூடுதல் காற்று உள்ளே நுழையலாம். காற்று கூடினால் கலவையில் பெட்ரோல் குறையும். பெட்ரோல் குறைந்தால் அதில் கலந்த எண்ணெயும் குறையும், வெப்பமோ கூடும். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூடேறினால் அலுமினியம் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். விரிந்த பிஸ்டன் சிலிண்டரை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஓடும் வண்டியின் பின் சக்கரம் திடீரென்று பூட்டிக்கொள்ளும். வெப்ப விரிவு பற்றிய பாடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்தது இங்கே உயிர் காக்கும். அப்படி நேர்ந்தால் உடனே கிளட்சைப் பிடிக்கவேண்டும்.

விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எண்ணெய் எவ்வளவு கலக்கிறீர்கள்?" அறுபதுகளிலிருந்து வந்த பெரும்பாலான வெஸ்பாக்களுக்கு 2 விழுக்காடு, அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லிலிட்டர். அதற்கு முந்திய மாடல்களுக்கு 5 விழுக்காடு வரை தேவைப்பட்டது. பிந்திய பிஎக்ஸ் வண்டிகள் சிலவற்றில் எண்ணெய்க்குத் தனித்தொட்டியும் உண்டு. சரியான எண்ணைச் சொல்பவர் வண்டியை அறிந்து ஓட்டியவர். "கண் அளவுதான்" என்று சிரிப்பவரிடம் கோபப்பட வேண்டாம். ஆனால் அந்தப் பதிலையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு சான்று.

ஓட்டுவதும் நிறுத்துவதும்

உரிமம் இல்லாதவர் ஓட்டிப் பார்க்கக் கூடாது. சாலை வரியும் காப்புறுதியும் நடப்பில் இருக்கும் வண்டியை, உரிமம் உள்ள பெரியவர் ஒருவர் ஓட்டட்டும். நீங்கள் நின்று கவனியுங்கள். இரண்டாம் கியரில் நன்றாக முறுக்கும்போது கியர் தானாகக் கழன்றால், உள்ளே கியரைப் பற்றும் சிலுவை போன்ற பாகம் தேய்ந்திருக்கிறது. அதை மாற்ற இயந்திரத்தையே பிளக்கவேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஒருவர் பின்பக்கத்தை அழுத்திப் பிடிக்க, முன் சக்கரத்தைத் தூக்கி இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் ரப்பர் முதுமை அடைந்து வெடித்திருக்கும். வெஸ்பாவின் ரிம் இரு பாதிகளைத் திருகி இணைத்தது. காற்று இருக்கும்போது அந்த இணைப்புத் திருகுகளை ஒருபோதும் கழற்றாதீர்கள். பிரேக் டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூசியை ஊதவும் வேண்டாம். பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அது நுரையீரலுக்கு நஞ்சு.

ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் எண்ணை அப்படியே நம்பவேண்டாம். மீட்டர் கம்பி அறுந்து பல ஆண்டுகள் ஓடியிருக்கலாம். மீட்டரே வேறு வண்டியுடையதாகவும் இருக்கலாம். மிதியின் ரப்பரும் கிக்கரும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். எண்ணும் தேய்மானமும் ஒத்துப்போகவில்லை என்றால் தேய்மானத்தையே நம்புங்கள்.

எண்கள் பேசட்டும்

கடைசியாக அடையாளம். நாம் 'கிராண்ட்' என்று சொல்லும் பதிவு ஆவணத்தில் உள்ள எண்களும் வண்டியில் பொறித்த எண்களும் ஒன்றாக இருக்கவேண்டும். வெஸ்பாவின் சட்ட எண் டி என்ற எழுத்தில் முடியும் ஒரு குறியீட்டோடும், இயந்திர எண் எம் என்ற எழுத்தில் முடியும் குறியீட்டோடும் தொடங்கும். பிஎக்ஸ் 150-இல் விஎல்எக்ஸ்1டி, விஎல்எக்ஸ்1எம் என்று வரும். தெலாயோ என்றால் இத்தாலியில் சட்டம், மோத்தோரே என்றால் இயந்திரம். எழுத்துகள் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா, சுற்றிலும் தேய்த்த தடமோ பற்றவைத்த தடமோ உண்டா என்று கைப்பேசியில் பெரிதாக்கிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் முன்பணமும் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றம் சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவில் முறையாக நடக்கவேண்டும். வெறும் வாய்ச்சொல்லோ கைப்பட எழுதிய தாளோ போதாது.

வெஸ்பா போலத் தெரிவதெல்லாம் இத்தாலியில் பிறந்ததும் அன்று. இந்தியாவில் பஜாஜ் நிறுவனம் 1960 முதல் 1971 வரை உரிமம் பெற்று வெஸ்பா செய்தது. பிறகு அதே வழியில் சேத்தக் என்ற பெயரில் தொடர்ந்தது. அதுவும் நல்ல உழைப்பாளி வண்டிதான். ஆனால் அதை 'அசல் இத்தாலி' என்ற விலைக்கு வாங்கினால் ஏமாந்தவர் நீங்கள்.

கேள்வி கேட்பது அவமரியாதையா?

"இத்தனையும் பார்த்தால் யார் விற்பார்கள்? மெக்கானிக்கிடம் விட்டுவிடலாமே?" என்று கேட்பீர்கள். மெக்கானிக்கைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். அவர் கையில் உள்ள அனுபவம் நம்மிடம் இல்லை. ஆனால் அவர் எதை ஏன் பார்க்கிறார் என்று புரிந்துகொண்டு நிற்பவருக்கும் வாய் பார்த்து நிற்பவருக்கும் வித்தியாசம் உண்டு. நாளை அந்த வண்டியில் ஏறப்போவது நீங்கள்.

தினமும் பள்ளிக்கும் கூடுதல் வகுப்புக்கும் போய்வர ஒரு வண்டி வேண்டும் என்றால், பழைய வெஸ்பா வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அதன் பிரேக் இன்றைய வண்டிகள் அளவுக்குப் பிடிக்காது. டூ ஸ்ட்ரோக்கில் எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியே போகிறது, காற்றுக்கும் கேடு. கற்றுக்கொள்ள, கழற்றிப் பூட்ட, விடுமுறை நாளில் அப்பாவோடு சேர்ந்து கையை அழுக்காக்க வேண்டும் என்றால், அதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது.

சென்ற ஆண்டு என் அக்காள் மகன் ஒரு வெஸ்பா பார்த்தான். படிவம் ஐந்து மாணவன். அல்மாவில் ஒரு வீட்டில் சிவப்பு வண்டி, கண்ணைப் பறிக்கும் பளபளப்பு. அவன் காந்தத்தை எடுத்தான். தரையில் இரண்டு இடங்களில் அது நழுவி விழுந்தது. விற்க வந்த பெரியவர் முகம் மாறியது. கோபம் இல்லை, அதிர்ச்சி. அவரும் அதை அப்படியே நம்பி வாங்கியவர்தான். குனிந்து தாமே காந்தத்தை வைத்துப் பார்த்தார். "தம்பி, நல்ல வேளை பார்த்தாய். என் பேரனுக்குக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்திருந்தேன்" என்றார்.

அன்று வண்டி வாங்கவில்லை. ஆனால் அந்தப் பேரன் தப்பித்தான். நீங்கள் போகும்போது சட்டைப் பையில் காந்தம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.